அவன் என்றும் அது என்றும்

விமானத்தில் செல்ல வேண்டிய நாய்க்கு மூன்று இடங்கள்தாம் உண்டு. உரிமையாளரின் முன்னிருக்கைக்கு அடியில், ஒரு பைக்குள் அடங்கிச் செல்லலாம். அதே விமானத்தின் அடிப்பகுதியில் அவருடைய பெட்டிகளோடு பெட்டியாகச் செல்லலாம். அவர் உடன் இல்லாமலேயே தனி ஆவணத்தின் பேரில் அனுப்பப்படலாம். முதலாவதில் அது கைச்சுமை, இரண்டாவதில் பயணச்சுமை, மூன்றாவதில் சரக்கு. மூன்றிலும் பெயருக்கு முன்பாக எடைதான் கேட்கப்படுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் பணிநாய்களை விட்டுவிட்டால், பயணிக்கு அருகில் தானும் ஒரு பயணியைப் போலத் தரையில் அமர்ந்து செல்லும் உரிமை பொதுவாக எந்த நாய்க்கும் இல்லை.

பெங்களூரு அல்சூரில் வாழும் ஒரு முதியவர் இந்த மூன்று வகைகளுக்கு நடுவே ஐந்து மாதங்கள் அலைந்தார். கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் வேலை செய்தவரின் மகன் அவர். இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தில் விமானங்களின் காற்றழுத்த அமைப்புகளைச் சோதிக்கும் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 2008 மே மாதம் 24ஆம் நாள் தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறக்கப்படும் வரை, நகரின் பயணி விமானங்கள் எல்லாம் அவர் தொழிற்சாலையை ஒட்டிய ஓடுபாதையிலிருந்துதான் எழும்பின. ஒலியைக் கேட்டே எந்த எந்திரம் என்று சொல்லக்கூடியவர் என்று அக்கம்பக்கத்தில் பெயர். இருப்பினும் தன் வாழ்நாளில் அவர் விமானத்தில் ஏறியது நான்கு முறைதான்.

ஒரே மகள் அமெரிக்காவில், வாஷிங்டனை அடுத்த வர்ஜீனியாவில் வசிக்கிறாள். 2015இல் ஊருக்கு வந்தவள் திரும்பும் முன் ஒரு பக் இன நாய்க்குட்டியை வாங்கி வந்து தாயின் மடியில் விட்டாள். "நான் இல்லாத குறைக்கு இவன் இருக்கட்டும்" என்றாள். குட்டிக்கு மணி என்று பெயர் வைத்தவர் தாய். 2022இல் தாய் மறைந்தார். வீட்டில் அப்பாவும் மணியும் மட்டும் மிஞ்சினார்கள். மிஞ்சினார்கள் என்று எழுதும்போதே இலக்கணம் இடறுகிறது; அந்த இடறலைப் பற்றியதுதான் இப்பதிவு.

2024 இலையுதிர் காலத்தில், மகள் விண்ணப்பித்திருந்த குடியேற்ற அனுமதி அப்பாவுக்குக் கிடைத்தது. அவ்வகை அனுமதி பொதுவாக ஆறு மாதங்கள் வரையே செல்லும்; அதற்குள் அந்நாட்டில் கால் வைத்தாக வேண்டும். அவருக்கு இதயத்தில் ஒரு முறை அடைப்பு நீக்கப்பட்டிருந்தது. இரவில் தனியாக இருக்கும் தந்தையை நினைத்து மகள் உறக்கம் இழந்திருந்தாள். "நீங்க வந்துடுங்கப்பா. மணியையும் கூட்டிட்டு வந்துடுங்க. அவனை விட்டுட்டு வரச் சொல்லமாட்டேன்" என்றாள். கெடு மார்ச் மாதத்தில் முடிவதாக இருந்தது.

அந்த வீட்டில் மணியைக் குறித்து யாரும் ஒருபோதும் 'அது' என்றதில்லை. 'அவன் சாப்பிட்டான்', 'அவனுக்குக் கோபம்', 'அவனைக் கேட்டுக்கோ' என்பவையே வழக்கு. தமிழ் இலக்கணத்தின் முதல் பிரிவினையே உயர்திணை, அஃறிணை என்பதுதான். தொல்காப்பியத்தில் மக்கள் உயர்திணை, பிற எல்லாம் அஃறிணை. நன்னூல் தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்த்துக்கொள்கிறது. நாய் எந்தப் பட்டியலிலும் மேலே ஏறவில்லை. ஆனால் இலக்கணிகள் மனித மனத்தை அறியாதவர்கள் அல்லர். மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய காரணங்களால் ஒரு திணைக்குரியதை மற்றொரு திணையில் வைத்துச் சொன்னால் அது பிழையன்று என்று நன்னூல் அமைதி கூறுகிறது. மேய்ச்சலிலிருந்து திரும்பும் பசுவைக் கண்டு 'என் அம்மா வந்தாள்' என்று ஒருவர் சொன்னால் அது திணை வழுவமைதி. பள்ளியில் நாம் படித்த இந்த விதி, வளர்ப்பு விலங்கு உள்ள ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் நாள்தோறும் நூறு முறை பயன்படுகிறது.

இந்த மனநிலை புதிதும் அன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தைச் சேர்ந்த 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரன் பட்டான் என்றும், அவன் வளர்த்த நாய் கள்வர் இருவரைக் கடித்து அவனருகே காத்து நின்றது என்றும் அக்கல் சொல்கிறது. நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன். ஆண்மகன் பெயருக்குரிய ஈற்றோடு முடியும் ஒரு பெயரை நாய் தாங்கி நிற்கிறது.

அல்சூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பெங்களூரு கஸ்தூரிபா சாலை அரசு அருங்காட்சியகத்தில் இன்னொரு கல் இருக்கிறது. மண்டியா மாவட்டத்து ஆதகூரிலிருந்து கொண்டுவரப்பட்ட 10ஆம் நூற்றாண்டுக் கன்னடக் கல்வெட்டு அது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த செய்தியைச் சொல்வதால் தமிழ் வரலாற்று மாணவர்களுக்கு அது அறிமுகமானது. அப்போரில் சிறந்து நின்ற மணலேரன் என்ற வீரன் தனக்குப் பரிசாகக் கேட்டது காளி என்ற வேட்டை நாயை. பின்னர் காட்டுப்பன்றி ஒன்றோடு பொருது காளி இறந்தது, பன்றியும் இறந்தது. நாய்க்காகக் கல் நட்டு நிலமும் கொடையாக விட்டார்கள். ஓர் இளவரசனின் வீழ்ச்சியும் ஒரு நாயின் சாவும் ஒரே கல்லில் இடம்பெற்றன.

கல்லில் பெயர் பெற்ற விலங்கு விமானத்தின் ஆவணத்தில் எடையாக மாறுவதை எளிதாகப் பழிக்கலாம். ஆனால் விமானத்துக்குத் திணை தெரியாது. காற்றழுத்தம், வெப்பம், எடை ஆகியவையே தெரியும். அதனால்தான் விதிகளும் அந்த மொழியில் பேசுகின்றன. இந்தியாவில் 1937ஆம் ஆண்டின் வானூர்தி விதிகளிலேயே விலங்குகளை ஏற்றிச் செல்வது பற்றித் தனி விதி உண்டு. 1985இல் அதற்கான நிபந்தனைகள் சுற்றறிக்கையாக வந்தன. ஏர் இந்தியா நெடுங்காலமாகச் செல்லப்பிராணிகளை ஏற்று வந்திருக்கிறது. 2022 நவம்பர் முதல் ஆகாசா ஏர் நிறுவனமும் குறிப்பிட்ட எடை வரை பயணியர் அறையிலும் அதற்கு மேல் சரக்கறையிலும் ஏற்கத் தொடங்கியது. நாட்டின் மிகப் பெரிய நிறுவனமான இண்டிகோ, பணிநாய்கள் நீங்கலாக, எவற்றையும் ஏற்பதில்லை. 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து சென்னைக்குத் தன் நாயோடு வருவதற்காக ஒருவர் ஏர் இந்தியா விமானத்தின் உயர்வகுப்பு இருக்கைகள் அனைத்தையும், பன்னிரண்டையும், வாங்கிய செய்தி நாளிதழ்களில் வந்தது. செலவு இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல். பன்னிரண்டு இருக்கைகளை வாங்கிய பின்னும் ஓர் இருக்கையை நாயின் பெயரில் எழுத வழி கிடையாது.

மணிக்கு இரண்டரை லட்சம் தேவைப்படவில்லை. எடைக் குறைப்பு தேவைப்பட்டது. ஐரோப்பா வழியாக அமெரிக்கா செல்லும் பல நிறுவனங்களில், பயணியர் அறைக்குள் கொண்டு செல்லப் பையோடு சேர்த்து 8 கிலோதான் வரம்பு. மணி மட்டுமே 8.8 கிலோ இருந்தது. அப்படியானால் சரக்கறையில் அனுப்பலாமா என்று விசாரித்தபோதுதான் பெரியவர் மற்றொரு சுவரில் முட்டினார்: தட்டைமூக்கு இனங்களைப் பல நிறுவனங்கள் சரக்கறையில் ஏற்பதேயில்லை.

மற்றவர்களுக்கு அது வெறும் விதி. காற்றழுத்தத்தோடு வாழ்ந்தவருக்கு அதன் காரணம் உடனே விளங்கியது. நாய்க்கு மனிதனைப் போல உடல் முழுவதும் வியர்க்காது. உடற்சூட்டை அது மூச்சு வாங்கித்தான் தணிக்கிறது. நீண்ட முகம் உள்ள நாயின் மூக்குக்குள் காற்று ஓடிக் குளிர்வதற்கு இடமிருக்கிறது. பக், புல்டாக் போன்றவற்றின் முகத்தை மனிதர்கள் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்துக் குறுக்கிவிட்டார்கள். உள்ளிருக்கும் தசையோ அதே அளவு குறுகவில்லை. நாசித்துளை ஒடுங்கி, மேலண்ணம் தொண்டைக்குள் தொங்குகிறது. அச்சம் மூச்சை வேகமாக்கும். வேகமான மூச்சு அத்தசையை வீங்கச் செய்யும். வீக்கம் மூச்சை மேலும் அடைக்கும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2010இல் வெளியிட்ட கணக்கில், 2005 மே முதல் ஐந்தாண்டுகளில் விமானப் பயணத்தில் இறந்த 122 நாய்களில் ஏறத்தாழப் பாதி குறுமுக இனங்கள். புல்டாக் மட்டும் 25, பக் 11.

இதில் ஒரு கசப்பான முரண் இருக்கிறது. 2003இல் ஹட்ச் நிறுவனத்தின் விளம்பரம் ஒன்று இந்தியத் தொலைக்காட்சிகளில் ஓடியது. ஒரு சிறுவன் எங்கு சென்றாலும் ஒரு சிறு நாய் பின்தொடரும். அவ்வளவுதான் கதை. பெங்களூருவைச் சேர்ந்த நிர்வாணா பிலிம்ஸ் அதை எடுத்தது. பிரகாஷ் வர்மா இயக்கினார். சீகா என்ற அந்த பக் நாய் நாடறிந்த முகமானது. இனத்தின் பெயர் தெரியாதவர்களும் 'ஹட்ச் நாய்' என்றும், பின்னர் 'வோடபோன் நாய்' என்றும் கேட்டு வாங்கினார்கள். மணியின் அம்மாவும் அந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டார். அவரை மணியின் அம்மா என்றே தெருவில் எல்லோரும் அழைத்தார்கள். எங்கு போனாலும் கூடவே வரும் என்பதற்காக நாம் வாங்கிய இனம், தொலைவாகப் போகும்போது கூட வர முடியாத உடலோடு பிறந்த இனம்.

ஆக மணிக்கு இருந்தது ஒரே வழி, காலடிப் பை. பெரியவர் செப்டம்பரில் தொடங்கினார். கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி உணவைக் குறைத்தார். காலையும் மாலையும் வெயில் ஏறுவதற்கு முன் அல்சூர் ஏரிக்கரையில் நடத்திச் சென்றார். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை மணியைத் தூக்கிக்கொண்டு எடைப்பொறியில் நின்று, பின் தான் மட்டும் நின்று, கழித்துப் பார்த்துச் சுவர் நாட்காட்டியில் குறித்தார்.

அந்தச் சமயத்தில் அமெரிக்காவின் விதிகளும் மாறியிருந்தன. வெறிநாய்க்கடி நோய் மிகுந்த நாடுகளின் பட்டியலில் இந்தியா இருக்கிறது. 2021 ஜூலையில் அத்தகைய நாடுகளிலிருந்து நாய்கள் வருவதையே அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருந்தது. 2024 ஆகஸ்ட் 1 முதல் புதிய நடைமுறை வந்தது. உடலில் மைக்ரோசிப் இருக்க வேண்டும். அதன் பிறகு போட்ட தடுப்பூசிக்குச் சான்று வேண்டும். தடுப்பூசிக்குப் பின் முப்பது நாள் கழித்து எடுத்த இரத்தத்தில் போதிய எதிர்ப்பாற்றல் இருப்பதாக ஏற்புபெற்ற ஆய்வகம் சொல்ல வேண்டும். இல்லையேல் 28 நாள் தனிமைக் காவல். அதற்கும் மேல், குறிப்பிட்ட ஆறு விமான நிலையங்களில் ஒன்றில்தான் இறங்க வேண்டும். வாஷிங்டன் டல்லஸ் அந்த ஆறில் ஒன்று என்பதை அறிந்தபோது மகள் தொலைபேசியிலேயே கூவினாள்.

இவ்விதிகளையும் குறை சொல்ல முடியாது. நோய் வெளிப்பட்ட பின் வெறிநாய்க்கடியிலிருந்து மனிதன் பிழைப்பது மிக மிக அரிது. விமான நிலையத்துக்குப் போகும் சாலையில் வரும் ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியில்தான், உலக விலங்கு நல அமைப்பு ஏற்றுக்கொண்ட வெறிநோய் ஆய்வு மையம் இயங்குகிறது. அந்த நோயின் பளு எவ்வளவு என்பதற்கு அதுவே சாட்சி.

டிசம்பர் இறுதியில் எல்லாத் தாள்களும் சேர்ந்தன. மணி 6.9 கிலோவுக்கு இறங்கியிருந்தது. பை ஏறத்தாழ ஒரு கிலோ. எண்கள் ஒத்துப்போயின. மகள் பயணச்சீட்டைப் பதிவு செய்யக் காத்திருந்தாள்.

அப்போதுதான் பெரியவர், சோதனை செய்யாத எதையும் பறக்கவிடக் கூடாது என்ற தன் பழைய தொழில் வழக்கத்துக்குத் திரும்பினார். பொங்கலுக்குச் சென்னையிலுள்ள அக்கா வீட்டுக்கு மணியோடு விமானத்தில் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தார். 350 கிலோமீட்டர், காரில் ஆறு மணி நேரம், விமானத்தில் ஒரு மணிக்குள். "ரயில்ல முதல் வகுப்புக் கூப்பேல கூட்டிட்டுப் போகலாமே, நாயை விடறாங்களே" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அமெரிக்காவுக்கு ரயில் இல்லை என்று பெரியவர் சிரித்தார்.

பொங்கலுக்கு முந்தைய நாள் விடியலில், பறக்கத் தகுதியுள்ளது என்ற மருத்துவச் சான்றோடும், நேர்வது எதற்கும் தானே பொறுப்பு என்ற உறுதிமொழித் தாளோடும், பெரியவர் தேவனஹள்ளி சென்றார். ஊழியர்கள் அன்பாகவே நடந்துகொண்டார்கள். இளம்பெண் ஒருத்தி மணியோடு படம் எடுத்துக்கொண்டாள். பாதுகாப்புச் சோதனையில் பையை மட்டும் ஊடுகதிர்ப் பொறிக்குள் அனுப்பச் சொல்லி, நாயைக் கையில் ஏந்தி வாயிலைக் கடக்கச் சொன்னார்கள். அதுவரை எல்லாம் நன்றாகவே நடந்தது.

விமானத்தின் கதவு மூடிய பிறகு மணியைப் பைக்குள்ளிருந்து எடுக்கக் கூடாது என்பது விதி. இருக்கைக்கு அடியில் பையின் வலைப்பக்கம் பெரியவரின் கால் பக்கமாக இருந்தது. அவர் குனிந்து அதில் விரல்களை வைத்திருந்தார். எந்திரம் முழங்கியபோது மணி நடுங்கத் தொடங்கியது. எழும்பும்போது அதன் குறட்டை போன்ற மூச்சு உயர்ந்தது. மற்றவர்கள் காதில் அது விழுந்திருக்காது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினார். எண்ணிக்கை கூடிக்கொண்டே சென்றது.

விமானத்தின் உட்காற்றழுத்தம் தரைமட்டத்து அழுத்தம் அன்று என்பதை அவரைவிட அறிந்தவர் அந்த விமானத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. பறக்கும் உயரம் எவ்வளவாயினும், உள்ளே இருப்பவர்களுக்கு ஏறத்தாழ 2,400 மீட்டர் வரை உயரமான மலையில் நிற்பதற்கு ஒப்பான காற்றே கிடைக்கும். ஊட்டி 2,240 மீட்டர். பெங்களூரு 900 மீட்டர். நலமான மனிதர் இந்த வேறுபாட்டை உணர்வதில்லை. அதற்கேற்பத்தான் விமானங்கள் வடிவமைக்கப்படுகின்றன. முப்பத்தாறு ஆண்டுகள் அவர் சோதித்து ஒப்புதல் அளித்த அழுத்தம் அது. யாருடைய மூச்சை அளவாகக் கொண்டு அது வகுக்கப்பட்டது என்று அவர் அதுவரை கேட்டுக்கொண்டதில்லை.

மயக்க மருந்து கொடுக்கலாமா என்று முன்பே மருத்துவரிடம் கேட்டிருந்தார். கூடாது என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லியிருந்தார். மருந்து இரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடற்சூட்டைச் சீராக்கும் திறனைக் கெடுக்கும். குறுமுக நாய்க்கு அது மேலும் கேடு. ஆகவே மணி முழு விழிப்போடு இருந்தது. அதன் நாக்கின் நிறம் வெளிறி நீலம் பாய்ந்ததாக ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. வலைக்குள் வெளிச்சம் போதாததால் உறுதியாகத் தெரியவில்லை. பணிப்பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். மணி குடிக்கவில்லை. இறங்கும் வரை அவர் நிமிரவில்லை.

சென்னையில் மணி பிழைத்து இறங்கியது. அக்கா வீட்டுத் தரையில் நான்கு கால்களையும் பரப்பிக்கொண்டு மாலை வரை படுத்துக் கிடந்தது. இரவில் சோறு தின்றது. ஒன்றும் நேரவில்லை என்றே எல்லோரும் சொன்னார்கள். உண்மையும் அதுதான். ஒரு மணி நேரத்தில் ஒன்றும் நேரவில்லை. வாஷிங்டன் பயணமோ, இடையில் விமானம் மாறுவதையும் சேர்த்தால், ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் ஆகும்.

அவர் தயங்குவதைக் கண்ட அக்கா ஊக்கம் கொடுக்க முயன்றார். "தருமரே நாயை விட்டுட்டு சொர்க்கத்துக்கு வரமாட்டேன்னாராமே தம்பி. தேரைக் கொண்டுவந்து நிறுத்தினப்பவும் ஏறலையே. நீ மட்டும் விட்டுட்டா போகப் போற?" மகாபாரதத்தின் அந்த இறுதிக் காட்சியில் நாய் தருமதேவதையாக உருமாறுகிறது, அஃறிணை உயர்திணை ஆகிறது. இந்திரனின் ஊர்தியில் இடம் மறுக்கப்பட்ட நாய் என்ற வகையில், விமானப் பயணம் பற்றிய பேச்சில் அக்கதை அடிக்கடி நினைவுகூரப்படுவதும் உண்டு.

பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தருமர் அந்த நாயைப் பையில போட்டு எடுத்துட்டுப் போகலையே அக்கா. அதுவா நடந்து வந்துச்சு" என்றார்.

மறுநாள் வாடகைக் கார் ஒன்றில் இருவரும் பெங்களூரு திரும்பினார்கள். ஆம்பூரில் ஒருமுறை, கிருஷ்ணகிரியில் ஒருமுறை நிறுத்தினார்கள். இரண்டு இடங்களிலும் மணி இறங்கி மரங்களை முகர்ந்து பார்த்தது. அன்றிரவு மகள் அழைத்தாள்.

"அவன் எப்படிப்பா இருந்தான்? சமத்தா இருந்தானா?"

"அது ரொம்பப் பயந்துடுச்சும்மா."

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. தந்தையின் வாயிலிருந்து அந்தச் சொல் அவள் கேட்டறியாதது. "என்னப்பா, அதுங்கறீங்க" என்றாள். அவர் விளக்க முயன்றார். அவன் என்று நினைத்ததால்தான் இத்தனையும் செய்தேன் என்றார். குழந்தையைக் கூட்டிப் போவதைப் போல, அம்மாவிடம் போகிறோம் என்று சொல்லிக்கொண்டே பயணத்துக்குப் பழக்கினேன் என்றார். குழந்தையாக இருந்தால் ஒரு நாள் துன்பத்துக்குப் பின் அங்கே யார் காத்திருக்கிறார்கள் என்று சொல்லித் தேற்றலாம். நாய்க்கு அந்த ஒரு நாள் மட்டும்தான் தெரியும். "அதுக்கு அமெரிக்கா வேணாம்மா. அதுக்கு நான் இங்க இருந்தாப் போதும். நமக்குத்தான் வேணும்."

மகள் அழுதாள், பின்னர் சினந்தாள். ஒன்பது வயது நாய்க்காகத் தன் உடல்நலத்தையும் இத்தனை ஆண்டு விண்ணப்பத்தையும் வீணாக்குகிறீர்கள் என்றாள். அவள் சொன்னதிலும் பிழை இல்லை. அக்கா வீட்டில் மணியை விட்டுவிட்டுப் போகலாம் என்ற யோசனையும் வந்தது. தாயை இழந்தபோது பதினெட்டு நாள் கதவருகிலேயே படுத்திருந்த நாய் அது என்பதை அவர் நினைவூட்டினார். அந்த உரையாடல் பல வாரங்கள் நீடித்தது. மார்ச்சில் அனுமதியின் கெடு முடிந்தது. அவர் போகவில்லை. அது சரியான முடிவுதானா என்பது குறித்து அந்தக் குடும்பத்தில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. பெரியவரின் இதயம் தொடர்பான கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் அந்த ஒரு சொல் ஆய்வுக்குரியது. ஒன்பதாண்டுகள் அவன் என்று அழைத்தவர் அது என்று அழைக்கத் தொடங்கியதை அன்பின் குறைவாகக் கொள்ள இயலாது. மாறாக, அந்த விமானத்தில் குனிந்து மூச்சை எண்ணிய ஒரு மணி நேரத்தில்தான் அவர் மணியின் உடலைத் தன் ஆசையிலிருந்து பிரித்துப் பார்த்தார் எனலாம். அவன் என்ற சொல்லில் மறைந்த மனைவியும், தொலைவிலுள்ள மகளும், அவருடைய தனிமையும் கலந்திருந்தன. அது என்ற சொல்லில் ஒடுங்கிய மூக்கோடும் தடித்த அண்ணத்தோடும் ஒரு நாய் மட்டும் இருந்தது. விமான நிறுவனத்தின் படிவமும் அதை அது என்றே குறிக்கிறது. அச்சொல்லுக்குப் பின்னால் இருப்பது எடை. பெரியவரின் சொல்லுக்குப் பின்னால் இருந்தது அதன் மூச்சு.

எடுத்தனூர்க் கல்லை வெட்டியவர்களும் கோவிவன் என்று ஆணின் பெயரை எழுதிவிட்டு, அதை நாய் என்றே குறித்தார்கள். வீரன் என்று எழுதவில்லை. நாய் நாயாக நின்று செய்த செயலையே கல்லில் பொறித்தார்கள். மகிழ்ச்சியால் திணை மாறுவதை நம் இலக்கணம் அமைதி என்று ஏற்றுக்கொண்டது. அதே மகிழ்ச்சியால் ஒருவர் திணையை அதன் இடத்திலேயே நிறுத்தினால் அதற்கு என்ன பெயர் என்று அது சொல்லவில்லை.

பயணப் பை இப்போது கூடத்தில் திறந்தபடி கிடக்கிறது. கதவு மூடாத பை என்பதால் மணி பகலில் அதிலேயே உறங்குகிறது. மகள் அடுத்த கோடையில் குழந்தைகளோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். தடுப்பூசியை மட்டும் உரிய நாளில் பெரியவர் போட்டு வருகிறார். அது பயணத்துக்காக அன்று. பெங்களூருத் தெருவில் நடக்கும் எந்த நாய்க்கும் அது தேவை என்பதற்காக.